ஒரே வகைக் கார் இரண்டு, கிளச்சின் ஆயுள் இரண்டு: யாழ்ப்பாணத்து நிகழ்வு ஆய்வு

கோண்டாவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் நிற்கும் சிறிய கார், 46,000 கிலோமீற்றர் ஓடிய நிலையில் தன் முதற் கிளச்சைத் தேய்த்து முடித்தது. அதே வகையைச் சேர்ந்த, அதே 2015ஆம் ஆண்டில் பதிவான இன்னொரு கார் சாவகச்சேரியில் ஹயர் ஓடுகிறது. அதன் மீற்றர் 160,000ஐத் தாண்டிவிட்டது. கம்பனியில் பூட்டி வந்த கிளச் இன்னமும் அதனுள் இருக்கிறது. இரண்டும் 800 சிசி பெற்றோல் எஞ்சினும், ஐந்து கியரும், கேபிளால் இழுபடும் கிளச்சும் கொண்ட இந்தியத் தயாரிப்புகள். இரண்டுக்கும் சேர்விஸ் செய்பவர் திருநெல்வேலியில் கராஜ் வைத்திருக்கும் ஒரே மெக்கானிக். ஆசிரியரின் கார் வெயில் படாத கொட்டகையில் நின்று, ஞாயிற்றுக்கிழமை தோறும் கழுவப்பட்டு, வீட்டாரைத் தவிர வேறெவரும் கைவைக்காமல் வளர்ந்த கார். மற்றையது கண்டி வீதியின் புழுதியையும் மழையையும் பத்தாண்டுகளாகச் சுமந்த கார். கண்ணால் பார்த்து விலை மதிப்பவர் எவரும் எந்தக் கிளச் முதலில் போகும் என்ற கேள்விக்குத் தவறான பதிலையே சொல்லியிருப்பார். கோண்டாவில் காரின் கியர்பெட்டி இறக்கப்பட்ட நாளில் நானும் உடனிருந்தேன். பிறகு சாவகச்சேரிக் காரையும் ஓட்டிப் பார்த்தேன். கிளச்சின் ஆயுளைக் கிலோமீற்றரில் கேட்பதே பொருத்தமற்ற கேள்வி என்பதை இந்த இரண்டு கார்களையும் கொண்டு விளக்க முடியும்.

முறைப்பாடும் முதற் சோதனைகளும்

ஆசிரியர் காரைக் கராஜுக்குக் கொண்டுவந்தது கிளச் பழுது என்று நினைத்து அல்ல. குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போன வழியில், ஆனையிறவுக்கு அப்பால் லொறி ஒன்றை முந்துவதற்காக ஆக்ஸிலேற்றரை அழுத்தியபோது எஞ்சின் இரைந்ததே தவிரக் கார் விரையவில்லை. பெற்றோலும் முன்னையைவிடக் கூடுதலாகச் செலவாகிக்கொண்டிருந்தது. எஞ்சின் பலம் குறைந்துவிட்டது, பிளக்கும் எயர் பில்ரரும் மாற்றினால் சரிவரும் என்பது அவருடைய எண்ணம். மெக்கானிக் காரை எடுத்துப் பலாலி வீதியில் சிறிது தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வந்து, “மாஸ்ரர், பிளக்கிலை ஒண்டுமில்லை. எஞ்சின் ஓடுது, கார்தான் ஓடேல்லை” என்றார். “நாப்பத்தாறாயிரம்தானே தம்பி ஓடியிருக்கு, அதுக்குள்ளை எப்பிடி?” என்பதே ஆசிரியரின் பதிலாக இருந்தது.

மெக்கானிக் செய்த சோதனை மிக எளியது. காரை நாலாம் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆக்ஸிலேற்றரை முழுதாக அழுத்தினார். கிளச் நலமாக இருந்தால் எஞ்சினின் இரைச்சலும் காரின் வேகமும் ஒன்றாகவே ஏற வேண்டும். இரைச்சல் சட்டென எழும்பி, வேகம் பின்தங்கி ஊர்ந்து வந்தால், எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்தும் கிளச் பிளேட் வழுக்குகிறது என்று பொருள். இந்தக் கார்களில் எஞ்சின் சுற்றைக் காட்டும் மானி இல்லாததால் காதையே நம்ப வேண்டியிருக்கிறது. கைப்பிறேக்கை இறுக இழுத்து, மூன்றாம் கியரைப் போட்டு, கிளச்சை விட்டுப் பார்க்கும் இன்னொரு சோதனையும் உண்டு. நல்ல கிளச் என்றால் எஞ்சின் உடனே நின்றுவிடும். அதை ஒரு தடவை மட்டுமே செய்ய வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்று திரும்பத் திரும்பச் செய்பவர் எஞ்சியிருக்கும் பிளேட்டையும் தாமே எரித்துவிடுகிறார்.

அடுத்துப் பார்க்கப்பட்டது பெடலின் வெற்றசைவு. இவ்வகைக் கார்களில் பெடலை விரலால் அழுத்தும்போது முதல் ஒன்றரை அல்லது இரண்டு சென்ரிமீற்றர் வரை எந்த எதிர்ப்பும் இல்லாமல் இறங்க வேண்டும். கியர்பெட்டியின் பக்கத்தில் கேபிள் வந்து பூட்டும் நெம்பின் நுனியில் அது 2 முதல் 4 மில்லிமீற்றர் அசைவாகத் தெரியும். கோண்டாவில் காரில் அந்த இடைவெளி அறவே இருக்கவில்லை. கேபிள் வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. எஞ்சினோடு சுழலும் கனத்த சில்லான பிளைவீலோடு பிளேட்டை அழுத்திப் பிடிப்பது பிறஷர் பிளேட். பிளேட் தேயத் தேயப் பிறஷர் பிளேட் பிளைவீலை நோக்கி நகர, அதன் ஸ்பிரிங் விரல்களின் நுனிகள் எதிர்ப்பக்கமாக எழும்பி வந்து, பெடலை அழுத்தும்போது அவற்றைத் தள்ளும் றிலீஸ் பெயரிங்கைத் தொடும். ஆகவே இடைவெளி காலப்போக்கில் தானாகவே குறையும். அவ்வப்போது கேபிளின் நட்டைத் தளர்த்தி அதை மீட்டுக்கொடுக்க வேண்டும். இந்தக் காரில் அந்த நட் வாங்கிய நாளிலிருந்து திருப்பப்பட்டதற்கான அடையாளமே இல்லை. ஒயில் மாற்றுவதையே முழுச் சேர்விஸ் என்று எண்ணுவோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. இடைவெளி முற்றாக ஒழிந்த பிறகு, காலைப் பெடலில் வைக்காதபோதும் கிளச் சற்று அழுத்தப்பட்டபடியே ஓடுகிறது. அந்த நிலையில் தேய்வு பல மடங்கு விரைவாகிறது.

நட்டைத் தளர்த்தி இடைவெளி கொடுத்ததும் கீழ்க் கியர்களில் வழுக்கல் குறைந்தது. நாலாம் கியரில் குறையவில்லை. கியர்பெட்டியை இறக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

உள்ளே கண்டவை

முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய கார் என்பதால், இரண்டு டிரைவ் ஷாஃப்ற்களையும் கழற்றி, எஞ்சினைக் கீழிருந்து ஜக்கால் தாங்கி, கியர்பெட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தி இறக்கினார்கள். கூடு திறந்த உடனே நுண்ணிய கரிய தூள் கைப்பிடி அளவில் கொட்டியது. அதுதான் பிளேட்டின் இரு முகங்களிலும் றிவெற்றால் பொருத்தப்பட்டிருக்கும் உராய்வுப் படலமான லைனிங். எரிந்த நாற்றம் அதில் இன்னும் மீந்திருந்தது. பிறஷர் பிளேட்டின் போல்ற்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுத்ததும் பிளேட் கைக்கு வந்தது.

பிளைவீல் பக்கத்து லைனிங்கில் றிவெற் தலைகள் மேற்பரப்போடு சமமாகிவிட்டிருந்தன. சில இடங்களில் அவை பிளைவீலைக் கீறத் தொடங்கியிருந்தன. விரல் நகத்தால் தடவினால் வட்டமான கீறல்கள் தட்டுப்பட்டன. மறுபக்கத்தில் றிவெற்றின் மேல் முடி அளவு லைனிங் மிஞ்சியிருந்தது. லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து றிவெற் தலை வரையுள்ள ஆழம் 0.3 மில்லிமீற்றருக்கும் 0.5 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட ஓர் எல்லைக்குக் கீழே போனால் பிளேட்டை மாற்ற வேண்டும் என்றே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். இந்தப் பிளேட் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டது.

எவ்வளவு தேய்ந்தது என்பதைவிட எப்படித் தேய்ந்தது என்பதே ஆய்வுக்கு முக்கியம். தேய்வு சுற்றிவர ஒரே சீராக இருந்தது. ஆகவே கோணலாகப் பூட்டியதாலோ வளைந்த பிளேட்டாலோ வந்த சேதம் அல்ல. எஞ்சினின் பின்பக்க ஒயில் சீல் காய்ந்து சுத்தமாக இருந்தது. ஆகவே ஒயில் கசிந்து லைனிங்கை நனைத்ததால் வந்த வழுக்கலும் அல்ல. புதிய கிளச் ஒன்று காலத்துக்கு முன்பே வழுக்கும் நிகழ்வுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தச் சீலைத்தான், அதனால் இங்கு அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். பிறஷர் பிளேட்டின் முகத்தில் நீலமும் கருமையும் கலந்த திட்டுகள் காணப்பட்டன. இரும்பு பலமுறை கடுமையாகச் சூடேறி ஆறியதன் அடையாளம் அது. ஸ்பிரிங் விரல்களின் நுனிகள் கண்ணாடிபோல் மினுங்கிக் குழி விழுந்திருந்தன. றிலீஸ் பெயரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றியபோது மணல் அரைபடுவதுபோல் கரகரத்தது. உள்ளிருந்த கிறீஸ் வெந்து போயிருந்தது.

ஆகவே இரண்டு வேறு குற்றங்கள் ஒரே கூட்டுக்குள் நடந்திருந்தன. நீலத் திட்டுகள் நீண்ட நேர வழுக்கலைக் காட்டின. குழி விழுந்த விரல்களும் வெந்த பெயரிங்கும் ஓயாத தொடுகையைக் காட்டின.

வெப்பத்தின் கணக்கு

கார் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது கிளச் பிளேட் தேய்வதே இல்லை. பிளைவீல், பிளேட், பிறஷர் பிளேட் மூன்றும் ஒரே வேகத்தில் ஒன்றாகச் சுழல்வதால் உராய்வுக்கு இடமில்லை. பளையிலிருந்து பரந்தன் வரை ஐந்தாம் கியரில் நிற்காமல் ஓடிய கார் அத்தனை கிலோமீற்றரையும் மீற்றரில் சேர்த்துக்கொள்கிறது, கிளச்சின் கணக்கில் ஏறக்குறைய எதையும் சேர்ப்பதில்லை. சுழலும் எஞ்சினும் நிற்கும் சக்கரமும் ஒரே வேகத்துக்கு வரும் வரையிலான அந்த ஓரிரு விநாடிகளில் மட்டுமே பிளேட் உரைசுகிறது. கியர் மாற்றும் போதும் சிறிது உரைசும், ஆயினும் வேக வேறுபாடு குறைவு என்பதால் அது பெரிய செலவு அல்ல. ஆக, கிளச்சின் வயதை அளக்க விரும்புபவர் எண்ண வேண்டியது புறப்பாடுகளை. ஒவ்வொரு புறப்பாட்டிலும் பிளேட் விழுங்கிய வெப்பத்தை.

அந்த வெப்பத்தைக் கணிப்பது கடினமன்று. சமதரையில் எஞ்சின் சுற்றை மாறாமல் வைத்துக்கொண்டு கிளச்சை விட்டால், கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் கிளச்சில் வெப்பமாகிறது. ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள இந்தக் காரை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் முதற் கியரில் எடுத்தால், மணிக்கு 10 கிலோமீற்றர் அளவில் பிளேட் பிடித்துவிடும். செலவாகும் வெப்பம் ஏறத்தாழ 3,500 யூல். அதே காரை 3,000 சுற்றில் இரைய வைத்து எடுத்தால் பிடிக்கும் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால் வெப்பம் 14,000 யூலை நெருங்கும். சோம்பலால் இரண்டாம் கியரில் புறப்படுபவரும் இதே வகையான தண்டத்தைத்தான் கட்டுகிறார். அத்தோடு, சூடாக இருக்கும் லைனிங் ஆறியிருக்கும் லைனிங்கைவிட மிக விரைவாகத் தேயும். எனவே இடைவெளியின்றி அடுத்தடுத்து வரும் பத்துப் புறப்பாடுகள், நாள் முழுவதும் பரவிய பத்துப் புறப்பாடுகளைவிடக் கொடியவை. ஓட்டப் பழக்கும் லேனர்ஸ் கார்களின் கிளச் ஏன் 30,000 கிலோமீற்றரைக் காண்பதற்கே திணறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பொதுவாகக் கைக் கியர்க் காரின் முதற் கிளச் 80,000 முதல் 150,000 கிலோமீற்றர் வரை உழைக்கும் என்பார்கள். 200,000ஐத் தாண்டியவையும் ஏராளம். பிழையான எண்கள் அல்ல. ஆனால் எந்த வீதியில், எவருடைய காலில் என்று சேர்த்துச் சொல்லப்படாதவரை அவற்றால் ஒருவருக்கும் பயனில்லை.

இரண்டு கார்களுக்கும் ஒரு பருமட்டான கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆசிரியரின் காருடைய உலகம் கோண்டாவில், திருநெல்வேலிச் சந்தை, நல்லூர், யாழ் நகரம் என்ற எல்லைக்குள் அடங்கியது. பள்ளிக்கூட வேளையில் பலாலி வீதியிலும், மாலையில் ஆஸ்பத்திரி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் ஓடும் கார், கிலோமீற்றருக்கு மூன்று தடவை நின்று புறப்படுவது மிகையான மதிப்பீடு அன்று. அப்படியானால் 46,000 கிலோமீற்றரில் ஏறத்தாழ 138,000 புறப்பாடுகள். சாவகச்சேரிக் கார் பெரும்பாலும் வவுனியாவுக்கும், அநுராதபுரம், புத்தளம் வழியாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவது. மூன்று கிலோமீற்றருக்கு ஒரு புறப்பாடு என்று தாராளமாக வைத்தாலும் 160,000 கிலோமீற்றரில் 54,000ஐத் தாண்டாது. மீற்றரில் மூன்றில் ஒரு பங்குகூட ஓடாத கார், கிளச்சின் கணக்கில் இரண்டரை மடங்கு கிழவி.

ஒழுங்கையும் கடவையும்

ஆயினும் புறப்பாடுகளின் எண்ணிக்கை மட்டும் இந்தச் சேதத்தை விளக்கப் போதாது. நகரத்துக்குள்ளேயே ஓடி 100,000 கிலோமீற்றரைக் கண்ட கிளச்சுகளை இதே கராஜில் காணலாம். யாழ்ப்பாணத்தில் மேடு என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாதபோது, கண்டியிலோ நுவரெலியாவிலோ ஏற்றத்தில் காரைக் கிளச்சாலேயே தாங்கிப் பிடிப்பவர்களின் பிளேட்டில் காணப்படும் நீலத் திட்டு கோண்டாவிலுக்கு எப்படி வந்தது? விடை ஆசிரியரின் வீட்டு வாசலில் இருந்தது.

வீடு வீதியில் இல்லை. முப்பது மீற்றர் நீளமான ஒழுங்கையின் உட்பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் அயல்வீட்டு மதில், மறுபக்கம் கிடுகும் தகரமும் கலந்த வேலி. கார் நுழைந்தால் இரு பக்கமும் ஒரு சாண் இடைவெளிதான் எஞ்சும். கேற் வாசலில் மழைவெள்ளம் உட்புகாதபடி சீமெந்தால் கட்டிய ஒரு திண்டு. காலையில் கார் பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும். ஆசிரியர் தலையை வெளியே நீட்டி மதிலைப் பார்த்தபடி, ஆக்ஸிலேற்றரைச் சற்று அழுத்திக்கொண்டு, கிளச்சைப் பாதியில் நிறுத்தி, அங்குலம் அங்குலமாகக் காரை வெளியே கொண்டுவருவார். மாலையில் அதே ஒழுங்கையால் அதே விதமாக உள்ளே போவார். காரில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. அது நியாயமான பெருமையும்கூட.

எஞ்சின் ஆக்ஸிலேற்றர் தொடாமல் சும்மா ஓடும்போது 800 முதல் 900 சுற்றில் நிற்கும். முதற் கியரிலும் றிவேர்ஸிலும் அந்தச் சுற்று மணிக்கு 5 அல்லது 6 கிலோமீற்றர் வேகத்துக்குச் சமம். அதைவிட மெல்லக் கார் நகர வேண்டும் என்றால் கிளச் வழுக்கியே தீர வேண்டும்; வேறு வழி இயந்திரத்தில் இல்லை. முப்பது மீற்றரை மணிக்கு 2 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடம் முழுவதும் எஞ்சின் 1,500 சுற்றில் இருந்தால், கெட்டியான தரையிலேயே 20,000 யூல் வரை பிளேட்டில் இறங்குகிறது. அமைதியான புறப்பாடுகள் ஐந்தாறுக்குச் சமமான வெப்பம் இது. மாரி மழையில் மண் இளகி, சில்லு புதையும் காலத்தில் இழுவை கூடும். வெப்பமும் அதற்கேற்பக் கூடும். சீமெந்துத் திண்டில் பின்சில்லு ஏறும் கணத்தில் ஆக்ஸிலேற்றர் இன்னும் அழுத்தப்படும். யாழ்ப்பாணத்துக் கிளச்சுக்கு மலை இல்லை என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு இந்த ஒழுங்கையைக் காட்டலாம்.

இதற்கு மேல், ஆசிரியரின் மகன் உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு இந்தக் காரில்தான் ஓட்டப் பழகினார். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் மாலை தோறும் எடுத்து, நிறுத்தி, மறுபடி எடுத்துப் பழகிய காலம் அது. அந்த மாதங்களில் பிளேட் ஆறுவதற்கு அவகாசமே இருந்திருக்காது.

பெயரிங்கின் கதை வேறு. காங்கேசன்துறை வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது 2015இல்; இந்தக் கார் வீட்டுக்கு வந்ததும் அதே ஆண்டில். கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்று கடவைகள் அடுத்தடுத்து வரும் பகுதியில் படலை மூடியிருக்கும் நிமிடங்களை ஆசிரியர் முதற் கியரைப் போட்டு, கிளச்சை முழுதாக அழுத்தியபடியே கழிப்பார். திறந்த உடனே கிளம்ப வேண்டும் என்ற அவசரம். முழுதாக அழுத்திய கிளச்சில் பிளேட் தேய்வதில்லை. அதனால் பலர் இதைக் குற்றமற்ற பழக்கம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த நேரம் முழுவதும் றிலீஸ் பெயரிங் ஸ்பிரிங்கின் முழுப் பலத்தையும் தாங்கிச் சுழல்கிறது. அத்தோடு ஓடும்போதும் இடது காலைப் பெடலின் மேல் இளைப்பாற விடும் பழக்கமும் அவருக்கு உண்டு. பெயரிங் வெந்ததும் விரல்கள் குழிந்ததும் இவ்விரண்டாலும்தான். கேபிளில் இடைவெளி ஒழிந்த பிறகு காலை எடுத்தாலும் பயனில்லை என்ற நிலை வந்துவிட்டது.

இந்த விடயத்தில் யாழ்ப்பாணத்தின் பழைய சாரதிகள் மேலானவர்கள் என்று மெக்கானிக் சொல்கிறார். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய பிரித்தானியக் கார்களின் கிளச்சில் குண்டுகள் உள்ள பெயரிங் கிடையாது. அழுத்தப்பட்ட கரி வளையம் ஒன்றுதான் உரைசும். காலைப் பெடலில் வைத்தபடி ஓடினால் அந்தக் கரி விரைவில் கரைந்துவிடும். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் அந்தக் கார்களை ஓட்டியவர்களுக்கு உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காத பொருள். கியர் மாற்றிய மறுகணம் காலைத் தரையில் வைக்க அவர்கள் பழகியதில் வியப்பில்லை.

2022ஆம் ஆண்டின் பெற்றோல் வரிசைகளும் இந்தக் கிளச்சைத் தின்றிருக்கும் என்று ஆசிரியர் நம்பினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரிசையில் நின்றவர்கள் இருந்த சொட்டுப் பெற்றோலைச் சேமிப்பதற்காக எஞ்சினை நிறுத்திவிட்டுக் காரைக் கையால் தள்ளித்தான் நகர்த்தினார்கள். அந்த வாரங்களில் கிளச் ஓய்விலேயே இருந்தது.

சாவகச்சேரிக் கார்

ஒப்பீட்டுக்காகப் பார்த்த இரண்டாவது காரில் கியர்பெட்டியை இறக்கவில்லை. வழுக்காத கிளச்சைத் திறந்து பார்ப்பது வீண் கூலி. நாலாம் கியர்ச் சோதனையில் இரைச்சலும் வேகமும் ஒன்றாக ஏறின. பெடல் புதிய காரைவிடச் சற்றுக் கனமாக இருந்தது. பிடிக்கும் இடமும் சற்று உயரத்தில் இருந்தது. இவை தேய்வின் இயல்பான அறிகுறிகள். கேபிள் ஒரு தடவை மாற்றப்பட்டிருக்கிறது. சரிசெய்யும் நட்டுக்கு முன்னே இன்னும் பாதிக்கு மேற்பட்ட புரி மிச்சமிருந்தது. பிளேட்டில் எவ்வளவு மிச்சம் என்பதை வெளியிலிருந்து ஊகிக்க இருக்கும் ஒரே சான்று இது. ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின் போதும் சாரதி தாமே குனிந்து நெம்பின் அசைவை விரலால் பார்க்கிறார். வாடிக்கையாளரை ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் எஞ்சின் நிற்கும். கடவையில் கியர் நியூற்றலில் இருக்கும், கால் தரையில் இருக்கும். அவருடைய பழக்கங்களைப் பற்றிக் கேட்டபோது, “அண்ணை, கிளச்சிலை கால் வைச்சு ஓடுறவன் ஹயர் ஓடி உழைக்கேலாது” என்றார்.

அவருடைய வீடு கண்டி வீதியின் ஓரத்தில், கார் முற்றத்தில் வட்டமடித்துத் திரும்பக்கூடிய வளவில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல பழக்கத்துக்கு எவ்வளவு, நல்ல வளவுக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துச் சொல்ல இயலாது.

மாற்றமும் அதன் பின்னரும்

கோண்டாவில் காரில் பிளேட், பிறஷர் பிளேட், றிலீஸ் பெயரிங் மூன்றும் ஒன்றாக மாற்றப்பட்டன. பிளேட்டை மட்டும் மாற்றலாமா என்று ஆசிரியர் கேட்டார். இறக்குமதித் தடையும் ரூபாயின் வீழ்ச்சியும் உதிரிப்பாக விலையை ஏற்றிவிட்ட பிறகு அந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. பழைய பிளேட்டுக்கே புதிய லைனிங் அடித்துத் தரும்படி கேட்பவர்களும் உண்டு. ஆனால் கூலியின் பெரும்பகுதி கியர்பெட்டியை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. வெந்த பெயரிங்கையும் நீலம் பாரித்த பிறஷர் பிளேட்டையும் உள்ளே விட்டு மூடினால் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும். பிளைவீலின் கீறல்கள் ஆழமாக இல்லாததால் லேத்தில் ஒரு மெல்லிய சீவலோடு முகம் சமமாக்கப்பட்டது. சீல் நலமாக இருந்தபோதும், கைக்கெட்டிய வேளையில் அதையும் புதிதாகப் போட்டார்கள். கேபிளும் புதிது. முதல் சில நூறு கிலோமீற்றருக்கு எஞ்சினை இரைய வைத்துப் புறப்பட வேண்டாம், பாரம் ஏற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார் மெக்கானிக். புதிய லைனிங் பிளைவீலின் முகத்தோடு படிந்து பொருந்த அந்த அவகாசம் வேண்டும்.

ஒழுங்கையை அகலமாக்க முடியாது. ஓட்டும் விதம் மாறியிருக்கிறது. கொட்டகையின் ஒரு தூணை நகர்த்தி முற்றத்தில் கார் திரும்ப இடமெடுத்தார்கள். இப்போது கார் காலையில் முன்னோக்கி வெளியே வருகிறது. முதற் கியரில் கிளச்சை முழுதாக விட்டு, ஆக்ஸிலேற்றரைத் தொடாமல், சும்மா ஓடும் சுற்றிலேயே மணிக்கு 5 கிலோமீற்றரில் ஒழுங்கையைக் கடக்க முடிகிறது. முன்னே பார்த்து ஓட்டும்போது ஒரு சாண் இடைவெளி அந்த வேகத்துக்குப் போதும். சீமெந்துத் திண்டு உளியால் கொத்திச் சரிவாக்கப்பட்டது. வெள்ளம் உள்ளே வருமா என்பது அடுத்த கார்த்திகையில் தெரியும்.

இந்த நிகழ்வு காருக்கு விலை பேசுபவர்களுக்கும் உரியது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய கார்களின் விலை எகிறியபோது, குறைவான மீற்றருக்குத் தனி விலை வைத்தார்கள். 2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கிய பிறகும் அந்த மதிப்பீட்டு முறை மாறவில்லை. “வீட்டுப் பாவனை, குறைந்த ஓட்டம்” என்று விற்கப்படும் காரை வாங்குபவர் அந்த வீடு எங்கே இருக்கிறது, ஒழுங்கை எப்படி, யார் யார் அதில் ஓட்டப் பழகினார்கள் என்றும் கேட்க வேண்டும். கேட்க இயலாவிட்டால் நாலாம் கியர்ச் சோதனையை விற்பவரின் முன்னிலையிலேயே செய்யலாம். பெடலை அழுத்தும்போது மட்டும் கரகரப்பு எழுந்தால் அது றிலீஸ் பெயரிங். பெடலை விட்டு, நியூற்றலில் நிற்கும்போது இரைச்சல் வந்து அழுத்தியதும் நின்றால் பழுது கியர்பெட்டியின் பெயரிங்கில் இருக்கக்கூடும், அது இன்னும் பெரிய செலவு. கிளச் பெடலே இல்லாமல், கியரைத் தானாக மாற்றும் சிறிய இந்தியக் கார்களை வாங்குபவரும் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். அவற்றிற் பலவற்றில் உள்ளே இருப்பது இதே உலர் பிளேட்தான். அழுத்துவது காலுக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை, அவ்வளவே.

சாவகச்சேரிச் சாரதிக்கு ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது: 160,000 ஓடிவிட்டதே, வழியில் கைவிடுவதற்கு முன் இப்போதே மாற்றிவிடலாமா? வேண்டாம் என்பது மெக்கானிக்கின் கருத்து, என்னுடையதும் அதுவே. தேய்ந்த பிளேட் ஒரே நாளில் கைவிடுவதில்லை. முந்தும்போது, பாரம் ஏற்றியபோது என்று வாரக்கணக்கில் அறிவித்துக்கொண்டே போகும். அறிவிக்காமல் போவது கேபிள். ஒவ்வொரு இழையாக அறுந்து, நள்ளிரவில் மாங்குளத்தில் பெடல் தரையோடு போய்விட்டால், விமானத்தைப் பிடிக்க வேண்டிய பயணியோடு அவர் வீதியோரம் நிற்க வேண்டியதுதான். மாற்றுக் கேபிள் ஒன்றை வாங்கிப் பின்சீற்றின் கீழே வைத்திருக்கும்படியும், நட்டின் புரி முக்கால் பங்கு முடிந்ததும் காரைக் கொண்டுவரும்படியும் சொன்னோம். கேபிளை அன்றே கடையில் வாங்கிக்கொண்டார். கிளச்சை ஒருவரும் தொடவில்லை.